ஒன்பது நாற்பத்திரண்டுக்கு ஒரு வணக்கம்

வாளி மறுபடி கிர்ரென்றது. என்னுடையதுதான். யோகேந்திரனுடைய போன் அதிர்ந்தால் விட்டு விட்டு இரண்டு தடவை வெட்டும், என்னுடையது ஒரே இழுவையாக இழுக்கும், இரண்டு வருடமாகத் தொடையோடு ஒட்டிக் கிடந்த சாமான், அதன் சத்தம் எனக்குத் தெரியாதா. நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடி, விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கும் அறை, அறைக்கு வெளியே நீள பெஞ்சு, பெஞ்சுக்கு எதிரே ஸ்டூல், ஸ்டூலின் மேல் கேன்டீன் சாம்பார் வாளி. பையன்களின் போன்களை வாங்கி வைக்க ஏதாவது கொண்டுவா என்று உள்ளே இருந்து சொல்லியிருக்கிறார்கள், அட்டெண்டர் மரியசூசை அண்ணன் கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவந்துவிட்டார். காலை பத்து மணிக்கு அதில் பத்து போன் கிடந்தது, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிய சீட்டு, சீட்டைச் சுற்றி ரப்பர் பேண்டு. எங்கள் மாடிக்காரர்கள் எட்டுப் பேரில் ஒவ்வொருவனாக உள்ளே போனான், கால் மணி நேரத்தில் வெளியே வந்தான், வாளிக்குள் கையை விட்டுத் தன்னுடையதைப் பொறுக்கிக்கொண்டான், என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கிப் போனான். அந்தக் கதவு சரியாகச் சாத்தாது, உள்ளே பேசுவது வெளியே கேட்கும், வெளியே தும்மினால் உள்ளே கேட்கும். எட்டுப் பேரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். நான் பாக்கல சார், தூங்கிட்டு இருந்தேன் சார், சத்தம் எதுவும் கேக்கல சார். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்கள் நிஜமாகவே பார்க்கவில்லை. பார்த்தவன் நான் ஒருவன்தான். மிச்சம் இப்போது இரண்டு போன், இரண்டு பேர். ஒருத்தன் நான், நவநீதன், எம்.எஸ்ஸி. இரண்டாம் வருடம். இன்னொருத்தன் என் அறைத்தோழன் இசக்கிராஜாவின் தாடையை மூன்று நாளைக்கு முன் உடைத்தவன், யோகேந்திரன், என் பக்கத்தில் தொடை உரசுகிற தூரத்தில் உட்கார்ந்து கட்டைவிரல் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்கிறான்.

என்னுடைய கட்டைவிரல் காற்றில் எதையோ மேலே தள்ளுகிறது. அதைப் பிடித்து மற்ற கைக்குள் மடக்கி வைத்தால் கைக்குள்ளேயே தள்ளுகிறது. இரண்டு மணி நேரம் போன் இல்லாமல் நான் இருந்து எத்தனை வருடம் ஆகிறது, பரீட்சை மண்டபத்தைத் தவிர. போன் இல்லாத பாக்கெட்டில் தொடை நடுங்குகிறது, எடுக்கலாமென்று கை போகிறது, துணிதான் இருக்கிறது. அந்த வாளியைத் தூக்கி இவன் மண்டையில் ஒரு போடு போட்டால் எப்படி இருக்கும். கனமான வாளி, அடிப்பக்கம் பித்தளைப் பட்டை வேறு. காதுக்கு மேலே, எலும்பு மெலிசாக இருக்கும் இடத்தில். ஒரு அடியில் சரிவான், இரண்டாவதுக்குத் தரையில் கிடப்பான், மூன்றாவதுக்கு நான் முட்டியை அவன் நெஞ்சில் ஊன்றி, வாளியின் விளிம்பால் அந்தப் பல்வரிசையை. ஆஹா, வீரன். மனதுக்குள் நான் இதுவரை எத்தனை பேரைக் கொன்றிருக்கிறேன் என்று ஒரு பட்டியல் எடுத்தால் இந்தக் கட்டடம் கொள்ளாது. லேபில் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து ஊமையா என்று கேட்டவனை மூன்று தடவை ஆசிட்டில் முக்கியிருக்கிறேன். ஆனால் மெஸ் வரிசையில் இன்னொரு கரண்டி சாம்பார் வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வராது. தட்டை நீட்டிக்கொண்டு நிற்பேன், அவர் கவனிக்காவிட்டால் வறண்ட சோற்றோடு போய் உட்கார்ந்துவிடுவேன். பின்னால் நிற்கிற இசக்கிதான் கத்துவான், "அண்ணாச்சி, அவன் தட்டுல சாம்பார் விடும், அவன் என்ன விரதமா இருக்கான்?"

இசக்கிக்கு என்னைப் பற்றித் தெரிந்தது முதல் வருடம் ஒரு புதன்கிழமை. நான் வகுப்பு முடிந்து வரும்போதெல்லாம் போனைக் காதில் வைத்துக்கொண்டு வருவேன். ஆங், சரி, வந்துர்றேன், சரிங்க. யாரும் கூப்பிடவில்லை, யாருக்கும் நான் கூப்பிடவில்லை. போன் பேசிக்கொண்டு போகிறவனை ஒருவரும் நிறுத்திப் பேசமாட்டார்கள், அவ்வளவுதான் சூட்சுமம். மரத்தடியில் பெண்கள் கூட்டமாக நின்றால் என் குரல் இன்னும் சத்தமாகும், ஆமாங்க, அதை நாளைக்கு முடிச்சர்லாங்க, ஏதோ பெரிய காரியம் பார்க்கிறவன் மாதிரி. அன்றைக்கு அப்படி வந்து அறைக்குள் நுழைந்தேன், கட்டிலில் படுத்திருந்த இசக்கி எட்டிப் போனைப் பார்த்தான், திரை இருட்டாகக் கிடந்தது. சிரிக்கப் போகிறான் என்று என் காது இரண்டும் கொதித்தது, அந்த நொடியில் அவனைக் கழுத்தை நெரித்துக் கொன்றிருப்பேன், நிஜமாக. அவன் சிரிக்கவில்லை. "யாருல லைன்ல, நம்ம ஆளா? நான் கேட்டேம்னு சொல்லு" என்றான். அவ்வளவுதான். அதிலிருந்து எனக்காக அவன் பேசினான். பல் டாக்டருக்கு, ரயில்வே விசாரணைக்கு, துறை அலுவலகத்துக்கு. "நான் நவநீதன் பேசுறேனுங்க" என்று எங்கள் ஈரோட்டு இழுவையை அவன் இழுக்கிற இழுப்பில் எனக்கே வயிறு வலிக்கும். அலுவலகத்து ஆட்களுக்கு இன்றைக்கும் என் குரல் என்றால் அது இசக்கியின் குரல்தான். அவன் போன் செய்தால்கூட நான் எடுக்கமாட்டேன், பக்கத்து மாடியில் இருந்து கூப்பிட்டாலும் அணைத்துவிட்டு, என்ன என்று எழுதி அனுப்புவேன். எருமை, என்று பதில் வரும். இப்போது அவன் தாடை இரண்டு இடத்தில் விட்டுப்போய், மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் வாய் திறக்கக் கூடாதாம். ஸ்ட்ரா வழியாகக் கஞ்சி. அந்த வாயை. ஐயோ, அந்த வாயை.

"சாப்டியாடா?" என்றது பக்கத்தில் ஒரு குரல், உள்ளே கேட்காதபடி தணிந்து. யோகேந்திரன். நான் தலையை எப்படியோ ஆட்டினேன், ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவனுடைய முழங்கை முட்டியில் இன்னும் தோல் உரிந்து கருப்பாகக் காய்ந்திருக்கிறது, கல்லில் உரசியது. நான் அதையே பார்க்கிறேன் என்பதைக் கண்டு சட்டைக் கையை இறக்கிவிட்டான். "நீ ஒண்ணும் டென்ஷன் ஆகாத. உள்ள கேப்பாங்க, வழுக்கி விழுந்தான்னு சொல்லு, முடிஞ்சுது. இன்னைக்கோட ஃபைலை மூடிருவாங்க." ஃபைலை மூடிவிடுவார்கள் என்பது நிஜம்தான். ஆஸ்பத்திரியில் இருந்து இசக்கி எழுதிக் கொடுத்த தாளை வார்டன் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அடித்தது யார் என்ற இடத்தில் பெயர் எழுதியிருக்கிறான். எதற்காக அடித்தான் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இழுத்து வைத்திருக்கிறான். அவன் அடிச்சான்கிறான், இவன் விழுந்தான்கிறான், காரணமும் இல்ல, மூணாவதா ஒரு ஆள் சொன்னாத்தான் உண்டு என்று குழு சொல்லிவிட்டது. அந்த மூன்றாவது ஆள் நான். அந்தக் கோட்டுக்குப் பின்னால் இருப்பதும் நான்தான், அது இந்தக் குழுவுக்கும் தெரியாது, பக்கத்தில் நகத்தைத் துப்புகிற இவனுக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. பி பிளாக் இரண்டாவது மாடி, குளியலறையை ஒட்டித் துணி துவைக்கிற இடம், வரிசையாக நான்கு கல். இந்த வாரம் இசக்கியின் முறை, என் நீலச் சட்டையையும் சேர்த்துக் கும்மிக்கொண்டிருந்தான், லுங்கியை மடித்துக் கட்டி, வெறும் பனியனோடு, எதையோ உளறிக்கொண்டு. நான் வாசல்படியில் நின்று போனை மேலே தள்ளிக்கொண்டிருந்தேன். யோகேந்திரன் என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான், கையில் தரையில் தண்ணீர் தள்ளுகிற வைப்பர். "எவன்டா போன்ல அந்தப் பக்கம் நடத்துறவன்? நீதானடா?" இசக்கி திரும்பினான். அவனைத் தாண்டி என்னைப் பார்த்தான். ஒரு நொடி, அவ்வளவுதான், அந்தக் கண் என் மேல் நின்றது, நான் போனைக் கீழே இறக்கவில்லை. "நாந்தாம்ல. அதுக்கென்ன இப்போ?" என்றான் இசக்கி. முதல் அடி முதுகில், வைப்பர் குழாய் வளைந்துவிட்டது. அதைத் தூக்கி எறிந்துவிட்டுக் கையால் ஆரம்பித்தான். வயிறு, வயிறு, விலா. இசக்கியும் ஒன்று கொடுத்தான், சோப்புத் தண்ணீரில் கால் நிற்கவில்லை. அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து யோகேந்திரன் கல்லின் விளிம்பில் மோதினான். முதல் தடவை ஈரத் துணி குறுக்கே இருந்தது, சொத்தென்று சத்தம் வந்தது. இரண்டாவது தடவை துணி நழுவிவிட்டது. பாக்குவெட்டியில் கொட்டைப்பாக்கு உடைகிற சத்தம். மூன்றாவது தடவையும் மோதினான், அது வேண்டியதே இல்லை, அதற்குள் இசக்கியின் கை தொங்கிப் போயிருந்தது. நுரை முதலில் ரோஸ் ஆகி, பிறகு சிவப்பாகி, சாக்கடைத் துளையில் என் சட்டையைச் சுற்றிச் சுழன்று இறங்கியது.

நான் என்ன செய்தேன். அதைத்தான் மூன்று நாளாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன், செக்கு மாடாக, அந்த இடம் வந்ததும் கால் நின்றுவிடுகிறது. வாசலில் என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது, வார்டன் எண், அவசரத்துக்கு அழைக்கவும். எண் என் போனிலும் இருக்கிறது. பச்சை வட்டத்தை ஒரு தரம் தொட்டால் போதும். தொட்டால் அவர் ஹலோ என்பார். அந்த ஹலோவுக்குப் பிறகு நான் ஏதாவது சொல்ல வேண்டும். அந்த இடம் எனக்குப் படுகுழி, சின்ன வயதில் இருந்தே, எதிர்முனையில் ஹலோ, ஹலோ, யாருங்க, என்று ஆள் எரிச்சலாவது வரைக்கும் காற்றை விழுங்கிக்கொண்டு நிற்பேன். அதனால் எழுதினேன். எழுதும்போதும் எனக்கு ஒரு பழக்கம், எடுத்த எடுப்பில் விஷயத்துக்குப் போகமாட்டேன். முதலில் வணக்கம் தனியாகப் போகும். அவர்கள் பதிலுக்கு வணக்கம் வைத்த பிறகுதான் மற்றது. இல்லாவிட்டால் மரியாதை இல்லாதவன் என்று நினைத்துவிடுவார்களோ என்று பயம். ஒன்பது நாற்பத்திரண்டு. வணக்கம் சார். அனுப்பினேன். ஒரு டிக். இரண்டு டிக். முதல் மோதல். நீலம் ஆகுமா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பாக்குவெட்டிச் சத்தம். நீலம் ஆகவில்லை. அதற்குள் அடுத்ததைத் தயார் செய்து வைத்தேன், தொந்தரவுக்கு மன்னிக்கவும் சார், இங்கே ஒரு சின்னப் பிரச்சினை. சின்ன என்பதை அழித்தேன். பிறகு மன்னிக்கவும் என்பதை முன்னால் கொண்டுவந்தேன். கொலை நடக்கிறது, நான் வாக்கியத்தை அழகு பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நாற்பத்தாறுக்கு வார்டனிடம் இருந்து கைகூப்பிய பொம்மை ஒன்று வந்தது. அவர் பாட்டுக்கு வணக்கத்துக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டார். யோகேந்திரன் அதற்குள் என்னைத் தாண்டி வெளியே வந்துவிட்டான், மூச்சு வாங்கிக்கொண்டு. "வழுக்கி விழுந்துட்டான். புரியுதா?" என்றான். நான் தலையாட்டினேன். அந்த இரண்டாவது வரி இன்னும் அனுப்பாமல் அப்படியே கிடக்கிறது, அந்த வாளிக்குள், என் போனுக்குள்.

வாளி மறுபடி இழுத்தது. இசக்கியாகத்தான் இருக்கும், வேறு யார் எனக்கு எழுதுகிறார்கள். இல்லை, எழுதுகிறார்கள், இரண்டாயிரத்து முந்நூறு பேர். ஆனால் அவர்கள் எனக்கு எழுதவில்லை, பி பிளாக் வாய்க்கு எழுதுகிறார்கள். அது நான் வைத்த பெயர், இணையத்தில் நான் நடத்தும் பக்கம், பெயரில்லாமல், முகமில்லாமல், இரண்டு வருடமாக. அங்கே நான் புலி. மெஸ் ரசத்தில் இருந்து துறைத்தலைவரின் தலைச்சாயம் வரைக்கும் ஒன்றையும் விட்டதில்லை. ஒரே வரியில் ஒருத்தனைத் தூக்கித் தரையில் அடிப்பேன், ராத்திரிக்குள் முந்நூறு பேர் சிரிப்பார்கள், நெஞ்சுக்குள் சூடாக ஏதோ இறங்கும், கட்டைவிரல் இன்னொன்று கேட்கும். நேரில் பேச முடியாத அத்தனையும் அந்த வழியாகச் சாக்கடை மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வாரத்துக்கு முன்னால் எங்கள் ஜன்னலுக்கு நேர் கீழே, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், யோகேந்திரன் போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். ஆறடி ஆள், ஜிம் உடம்பு, மூக்கு ஒழுக, வாய் கோணி. நான் பெரிதாக்கிப் படம் எடுத்தேன். அடியில் ஒரு வரி எழுதினேன், சோறு ஆறிடுச்சு அம்மா. ஸ்டிக்கர் ஆக்கிப் போட்டேன். இசக்கி பார்த்துவிட்டு, "எடுத்துரு, இது வேண்டாம், ஒருத்தன் அழுதத வச்சி என்னல விளையாட்டு" என்றான். நான் எடுக்கவில்லை. அதற்குள் நானூறு தாண்டியிருந்தது. மூன்று நாளில் அந்த ஸ்டிக்கர் வேறு கல்லூரிகளுக்கெல்லாம் போய்விட்டது. படத்தின் கோணத்தைப் பார்த்தால் எங்கள் ஜன்னல் என்று தெரியும். அறையில் இரண்டு பேர். அதில் ஒருத்தன் வாயில்லாப் பூச்சி. அப்படியென்றால் மற்றவன்தான் என்று முடிவு கட்ட யோகேந்திரனுக்கு ரொம்ப நேரம் ஆகியிருக்காது.

"எங்கப்பாவுக்கு அன்னைக்குத்தான்டா கால எடுத்தாங்க" என்றான் யோகேந்திரன், அதே தணிந்த குரலில். யாரிடம் சொல்கிறான், சுவரிடமா. நான் திரும்பினேன். அவன் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சுகர். முட்டிக்குக் கீழ வெட்டிட்டாங்க. அம்மா போன்ல சொல்லுது, நான் அழுறேன், அத எடுத்துப் போட்டுட்டான். என் தங்கச்சிக்கு அது போயிருக்கு, அவ காலேஜ்ல எவனோ அவகிட்டயே காமிச்சிருக்கான். அதுல அவ என்ன பாத்தா தெரியுமா, அண்ணன் போட்டிருக்கிற சட்டையப் பாத்தா, ஆபரேஷன் அன்னைக்குக் காலைல வீடியோ கால்ல அவகிட்ட பேசறப்ப நான் போட்டிருந்த சட்டை." அவன் குரல் உடைந்தது, உடனே தொண்டையைச் செருமிக் கெட்டியாக்கிக்கொண்டான். "அவன் தாடைய உடைச்சதுல எனக்கு வருத்தமே இல்ல. நாக்க அறுத்திருக்கணும்." உள்ளே எதுவோ குப்புற விழுந்தது. இத்தனை நேரம் மனதுக்குள் வாளியால் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தேனே, இப்போது அந்த வாளி யார் தலையில் இறங்குவது. முட்டிக்குக் கீழே வெட்டிய கால். நானூறு பேர் சிரித்த சிரிப்பு. என் கட்டைவிரலைப் பார்த்தேன். அது அப்போதும் தள்ளிக்கொண்டிருந்தது. அதைக் கதவிடுக்கில் வைத்து யாராவது ஒரே இழுப்பில் சாத்தினால் தேவலை என்று தோன்றியது.

"நவநீதன்" என்று மரியசூசை அண்ணன் கூப்பிட்டார். எழுந்து போனேன். உள்ளே மூன்று பேர், நடுவில் கண்ணாடி போட்ட மேடம், ஒரு பக்கம் அலுவலகக் கண்காணிப்பாளர், இன்னொரு பக்கம் எங்கள் வார்டன். "உக்காருப்பா. பேர்?" என்றார் மேடம். சொன்னேன் போலிருக்கிறது. கண்காணிப்பாளர் நிமிர்ந்து, "போன்ல கணீர்னு பேசுவீங்களே தம்பி, என்ன ஆச்சு?" என்றார். எல்லாக் கண்ணும் என் உதட்டில் இருக்கிறது, உதட்டைப் பிய்த்து மேசையில் வைத்துவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது. வார்டன்தான் குறுக்கே வந்தார், அன்பாகத்தான். "மேடம், இவன் பேசவே மாட்டான், பயந்த சுபாவம். அதான் நானே டைப் அடிச்சு வச்சிட்டேன். கையெழுத்து மட்டும் போட்டா போதும்." தாள் என் முன்னால் வந்தது. சோப்பு நீரில் வழுக்கிக் கல்லின் மீது விழுந்ததை அறைத்தோழனாகிய நான் நேரில் கண்டேன். பேச வேண்டாம். வாயே திறக்க வேண்டாம். எனக்கு அழுகை வரும் போல நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "தங்கமான பையன் மேடம். சம்பவம் நடந்த ஞாயித்துக்கிழமைகூட எனக்கு வணக்கம் போட்டிருக்கான், பாருங்க" என்று வார்டன் தன் போனை நீட்டினார். மேடம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார். "ஒன்பது நாப்பத்திரண்டு. அந்தப் பையன் விழுந்தது எத்தன மணிக்கு சார்?" "ஒன்பதே முக்கால் இருக்கும் மேடம்." மேடம் என்னை நேராகப் பார்த்தார். "ஏன்ப்பா, உன் ரூம்மேட் அங்க அடிபட்டுக் கிடக்கான், நீ எதுக்கு அந்நேரத்துக்கு வணக்கம் போட்ட?" கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். சொல், சொல்லடா, நாயே, சொல். "சும்மாதாங்க மேடம்" என்றேன். கையெழுத்தைப் போட்டேன்.

வெளியே வந்தேன். "எடுத்துக்கங்க தம்பி" என்று மரியசூசை அண்ணன் வாளியைச் சாய்த்தார். போன் கையில் வந்ததும் மூச்சு வந்தது, அசிங்கம், ஆனால் வந்தது. நான்கு செய்தி, நான்கும் இசக்கி. உள்ள போயிட்டியா. பயப்படாதல. பக்கத்தப் பத்தி வாயத் தொறக்காண்டாம், உன்ன வெளிய அனுப்பிருவானுவ, அடிச்சத மட்டும் சொல்லு. கடைசியாக, சொல்லிட்டியால. பெஞ்சில் இருந்து யோகேந்திரன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். நான் தலையாட்டினேன். அவன் கண்ணை மூடித் தலையைச் சுவரில் சாய்த்தான். இவனுக்கும் தலையாட்டியாகிவிட்டது, அவனுக்கு என்ன சொல்வது. கட்டைவிரல் எனக்காகக் காத்திருக்கவில்லை. சொல்லிட்டேன் என்று எழுதியது, அனுப்பியது. இரண்டு டிக், உடனே நீலம். போனையே பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். பதில் எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது, நின்றது. பிறகு போன் என் கைக்குள் கதற ஆரம்பித்தது. இசக்கி அழைக்கிறான். பேச முடியாதவன், பல்லைக் கம்பியால் கட்டியவன், நான் எடுக்கமாட்டேன் என்று இரண்டு வருடமாகத் தெரிந்தவன், எதற்குக் கூப்பிடுகிறான். எதற்கு என்றால், சந்தோஷத்தில். நான் பேசிவிட்டேன் என்று நம்பிவிட்டான், அந்தக் குரலைக் கேட்க ஆசைப்பட்டுவிட்டான். சிவப்பைத் தொடப் போன விரல் பச்சையில் போய் விழுந்தது. காதில் வைத்தேன். ஹலோ இல்லை. எச்சிலும் கம்பியும் கலந்த மூச்சு, புஸ் புஸ் என்று. பின்னால் அவன் அம்மா குரல், "யாருய்யா, நவநீதனா? அந்தப் பிள்ளையா பேசுது?" பிறகு இசக்கி தொண்டைக்குள் இருந்து ஒன்றை இழுத்து மேலே கொண்டுவந்தான். ம்ம்? என்று கேட்டான்.

"இல்லடா" என்றேன். அது யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை, கரகரவென்று, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. "பொய் சொன்னேன்டா. நான் சொல்லல. கையெழுத்துப் போட்டுட்டேன். வச்சிராத, கேட்டுக்க." போனைக் காதில் இருந்து எடுக்காமலே யோகேந்திரன் முன்னால் போய் நின்றேன். அவன் கண்ணைத் திறந்தான். "அந்தப் பக்கம் என்னுது" என்றேன். "என்னடா?" என்றான். "பி பிளாக் வாய். என்னுது. போட்டோ நான் எடுத்தது, அந்த வரி நான் எழுதுனது. இசக்கி அத அழிக்கச் சொன்னான், நான் அழிக்கல. உங்கப்பாவுக்குக் கால் போனது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அழிச்சிருப்பேனான்னும் தெரியல. நீ ஆள் மாத்தி அடிச்சிட்ட. கல்லுல மூணு தடவ மோதுனியே, அது என் தலைடா." அவன் முகத்தில் முதலில் ஒன்றுமே இல்லை. பிறகு எழுந்தான். அவன் கை வருவதை நான் பார்த்தேன், விலகவில்லை, விலக நேரம் இருந்தது. போன் வைத்திருந்த காதில்தான் விழுந்தது. மண்டைக்குள் வெள்ளையாக ஒரு சத்தம், ஸ்டூல் சரிந்தது, சாம்பார் வாளி படிவரைக்கும் உருண்டு மணியடித்துக்கொண்டு போனது. இரண்டாவது வாயில். ஒரு பல் ஆடுவதை நாக்கால் தொட்டுப் பார்த்தேன், உப்பாக ரத்தம் ஊறியது. மூன்றாவதுக்கு அவன் என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்தான், அதே பிடி, பெஞ்சின் விளிம்பு என் கண்ணுக்கு நேரே வந்தது, மரியசூசை அண்ணன் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு கத்தினார், "விடுப்பா, விடு, செத்துருவான்." யோகேந்திரன் அழுதுகொண்டிருந்தான், படத்தில் இருந்த அதே கோணிய வாயோடு, அழுதுகொண்டே இழுத்தான்.

கதவு திறந்தது. முதலில் வார்டன், அவருக்குப் பின்னால் மேடம், அவர் கையில் என் கையெழுத்துப் போட்ட தாள். யோகேந்திரனின் விரல்கள் என் முடியில் இருந்து ஒவ்வொன்றாக விட்டன. பெஞ்சுக்கு அடியில் போன் மல்லாந்து கிடந்தது, கண்ணாடி முழுக்க விரிசல், விரிசலுக்கு அடியில் நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன, அதிலிருந்து ம்ம் ம்ம் என்று கம்பிக்குப் பின்னால் ஒருத்தன் பதறிக்கொண்டிருந்தான். எழுந்திருக்க முடியவில்லை. நான்கு கால் பிராணியாகவே அந்தப் பக்கம் நகர்ந்து, அவனுக்கும் கேட்கிற மாதிரி போனைக் கையில் எடுத்துக்கொண்டேன். "என்னப்பா நடக்குது இங்க?" என்று மேடம் கேட்டார். வாயில் இருந்த ரத்தத்தைத் தரையிலேயே துப்பினேன். எல்லாரும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தத் தடவை வணக்கம் வைக்காமல் ஆரம்பித்தேன்.